மூவகை ஆட்சியுங் கண்ட கோபாலசாமி ஐயங்கார்

மக்கள் ஒருங்கு கூடி வாழ்தற்கு ஆட்சி இன்றியமையாதது. அவ்வாட்சி முழுதும் ஓரிடத்தே குவிந்து நிற்பின், தொலைவிலுள்ள சிற்றூரார் குறை ஆள்வோர் செவிக்கு எட்டாது போம். ஊர்தோறும் சிதறிக் கிடப்பினோ, நாடு ஒரு நாடாய் நில்லாது போம். இவ்விரு கேடும் அணுகாவண்ணம், நாட்டிற்கு உரியதனை நாட்டிற்கும், மாநிலத்திற்கு உரியதனை மாநிலத்திற்கும், ஊருக்கு உரியதனை ஊருக்கும் பகுத்தளித்து நடத்தும் முறையையே அறிஞர் கூட்டாட்சி என்பர். முக்கொம்பில் மேலணையைக் கண்டு பழகிய நம் ஜில்லா மக்களுக்கு இதனைப் பெரிதும் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆறு பெரிதாயினும், அணையும் வாய்க்காலும் வயல் மடையும் தத்தம் கடமையைச் செய்தாலன்றிப் பயிர்க்கு நீர் இல்லை.

இம்முறையை நூலிற் கற்றோர் பலர். ஊராட்சி, மாகாண ஆட்சி, நாட்டாட்சி என்னும் மூன்று படியிலும் நின்று தம் கையாலேயே நடத்திப் பார்த்தோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் திவான் பகதூர் ந. கோபாலசாமி ஐயங்கார். பொன்மலைத் தொழிற்சாலையில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல உள. அவர்களுக்கு ஊதியம் அளிக்கும் தென்னக இரயில்வே என்னும் அமைப்பு இவர் மந்திரியாய் இருந்தபோதே பிறந்தது. ஆயினும் இவர் பெயரை நம் இளைஞர் அறிந்திலர். இவர் நம் சமூகத்திற் பிறந்தவரல்லர். அறிவும் தொண்டும் எக்குலத்தில் தோன்றினும் போற்றுதற்குரியன என்பது நம் கொள்கையாதலின், இம்மாதம் இவர் வரலாற்றைச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

பிறப்பும் கல்வியும்

கோபாலசாமி ஐயங்கார் தஞ்சை ஜில்லாவில் 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள் பிறந்தார். அவ்வாண்டு நம் நாட்டு ஊராட்சி வரலாற்றிலும் குறிக்கத்தக்கது. அவர் பிறந்து இரண்டு திங்கள் நிரம்புமுன், மே மாதம் 18ஆம் நாள், இராஜப் பிரதிநிதியாயிருந்த ரிப்பன் பிரபு ஸ்தல சுயஆட்சியைப் பற்றிய தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளூர்ச் சபைகளில் உத்தியோகஸ்தர் அல்லாதார் மிகுந்திருத்தல் வேண்டும் என்பதும், அச்சபைகள் மக்களுக்கு அரசியற் பள்ளியாய் விளங்குதல் வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் கருத்துக்கள். அதே ஆண்டிற் பிறந்த குழந்தை, பின்னாளில் அவ்வுள்ளூர்ச் சபைகளைக் கண்காணிக்கும் பணியிலேயே தன் இளமையின் பெரும்பகுதியைக் கழித்தது இனிய பொருத்தமாகும்.

சென்னையில் வெஸ்லி பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் இவர் கல்வி பயின்றார். 1904ஆம் ஆண்டில் பச்சையப்பன் கல்லூரியில் சிறிது காலம் துணைப் பேராசிரியராய் இருந்தார். ஆசிரியத் தொழிலில் உள்ள எம்மனோர்க்கு இச்செய்தி உவகை தருவதே. ஆயின், அத்தொழிலில் அவர் நெடுங்காலம் தங்கவில்லை. 1905ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசாங்க சேவையிற் புகுந்து டிப்டி கலெக்டரானார். 1919 வரை அப்பதவியில் பல இடங்களில் பணியாற்றி, 1920ஆம் ஆண்டில் கலெக்டராக உயர்ந்தார்.

ஊராட்சித் தொண்டு

1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாகாணங்களில் இரட்டையாட்சி என்னும் புதுமுறை வந்தது. நிலவரி, போலீஸ், நீதி முதலியன கவர்னரின் நிர்வாக சபையார் கையில் நின்றன. கல்வி, சுகாதாரம், ஸ்தல சுயஆட்சி முதலியன மக்கள் பிரதிநிதிகளான மந்திரிகள் கைக்கு வந்தன. சென்னை மாகாணத்தில் ஸ்தல சுயஆட்சி இலாகா பனகல் அரசரிடம் சேர்ந்தது. 1920ஆம் ஆண்டிலேயே நகரசபைகளுக்கு ஒன்று, ஜில்லா போர்டு தாலுகா போர்டுகளுக்கு ஒன்று, கிராமப் பஞ்சாயத்துகளுக்கு ஒன்று என மூன்று சட்டங்கள் நிறைவேறின.

சட்டம் ஏட்டில் இருப்பதனால் ஊர் திருந்திவிடாது. ஊர்தோறும் சென்று, மக்களைக் கூட்டி, எல்லை வகுத்து, சபை அமைத்து, கணக்கு எழுதக் கற்பித்து, பூசல் தீர்த்து நடத்துவார் ஒருவர் வேண்டும். அப்பணிக்கென ஏற்பட்ட பஞ்சாயத்துகளின் ரிஜிஸ்திரார் ஜெனரல் என்னும் பதவியையும், ஸ்தல போர்டுகளின் இன்ஸ்பெக்டர் பதவியையும் 1921 முதல் ஏழாண்டுகள் கோபாலசாமி ஐயங்கார் வகித்தார். அக்காலத்தில் இராமநாதபுரம், குண்டூர் ஆகிய ஜில்லாக்களில் கிராமப் பஞ்சாயத்துகள் பல அமைந்தன.

தமிழ் மக்களுக்கு ஊர்ச்சபை புதியதன்று. உத்தரமேரூர்க் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலையால் வாரியத்தாரைத் தேர்ந்த முறையை இன்றும் காட்டி நிற்கின்றது. கணக்குக் காட்டாதாரை மீண்டும் தேர்தலாகாது என்னும் விதியும் அதில் உண்டு. ஆயினும், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த பஞ்சாயத்துக்கும் அப்பழைய சபைக்கும் ஒரு வேறுபாடு இருந்தது. புதிய பஞ்சாயத்து மாகாணச் சட்டத்தாற் பிறந்தது; மாகாணம் கொடுத்த அளவே அதன் அதிகாரம்; மாகாணம் எண்ணினால் அதனை நிறுத்தி வைக்கவும் கூடும். கிணறு, குளம், தெரு, விளக்கு, துப்புரவு என வேலைகள் பல அதன் தலைமேல் இருந்தன, பணமோ சிறிது. கடமை பெரிது, கருவூலம் சிறிது என்னும் இக்குறை ஊராட்சியை அன்று பற்றியது. இன்றளவும் முற்றும் விட்டபாடில்லை.

பின்னர் மூன்றாண்டுகள் அனந்தப்பூரிற் கலெக்டராகவும், 1932 வரை நகரசபைகளுக்கும் ஸ்தல போர்டுகளுக்கும் இன்ஸ்பெக்டராகவும், 1932 முதல் 1934 வரை பொதுமராமத்து இலாகாவின் காரியதரிசியாகவும், அதன்பின் 1937 வரை ரெவினியூ போர்டின் அங்கத்தினராகவும் இவர் விளங்கினார். மாகாண ஆட்சியின் படிகள் பலவற்றையும் இங்ஙனம் ஏறி முடித்தபோது இவர்க்கு வயது ஐம்பத்தைந்து. பிறராயின் ஓய்வூதியம் பெற்று வீட்டில் அமர்ந்திருப்பர். இவர்க்கோ பெரும்பணி அதன் பின்னரே வந்தது.

காசுமீரத்துப் பிரதம மந்திரி

1937ஆம் ஆண்டில் இவர் ஜம்மு காசுமீர சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாக அழைக்கப்பெற்றார். காவிரிக் கரையிற் பிறந்தவர் ஜீலம் நதிக்கரைக்குச் சென்று, மகாராஜா ஹரிசிங்கின் கீழ் 1943 வரை ஆறாண்டுகள் அந்நாட்டை நிர்வகித்தார். 1941ஆம் ஆண்டில் இவர்க்கு ஸர் பட்டமும் கிடைத்தது.

அக்காலத்து இந்தியாவின் அமைப்பை நம் இளைஞர் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஆங்கிலேயர் நேரே ஆண்ட மாகாணங்கள் ஒருபுறம். அரசர்கள் ஆண்ட சமஸ்தானங்கள் மற்றொருபுறம். 1935ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விரண்டையும் இணைத்து ஒரு கூட்டாட்சி காண முயன்றது. மாகாண சுயாட்சி 1937இல் நடைமுறைக்கு வந்தது. போதிய சமஸ்தானங்கள் சேராமையால் கூட்டாட்சிப் பகுதி மட்டும் ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. அந்நிலையில், மாகாணத்தில் முப்பதாண்டுகட்கு மேல் உழைத்த ஒருவர் சமஸ்தானத்தின் உள்நிலையையும் கண்டறியும் வாய்ப்புப் பெற்றார்.

அவர் காலத்திலேயே, 1939ஆம் ஆண்டில், காசுமீரத்திற்கு ஒரு புதிய அரசியற் சட்டம் வழங்கப்பெற்றது. அதிகாரத்தின் முடிவு மகாராஜாவிடமே நின்றது. மக்கள் கேட்டது அதனினும் மிகுதி. ஷேக் அப்துல்லாவின் தலைமையில் தேசிய மகாநாடு என்னும் கட்சி அவ்வாண்டிலேயே உருவாகிப் பொறுப்பாட்சி வேண்டிக் கிளர்ந்தது. அரண்மனையின் எண்ணமும், வீதியின் குரலும், இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவும் ஐயங்கார் நேரிற் கண்டவை. பத்தாண்டுகட்குப் பின் இவ்வறிவே நாட்டிற்கு வேண்டியதாயிற்று.

அரசியல் நிர்ணய சபையில்

1943 முதல் 1947 வரை டில்லியில் மேற்சபையின் உறுப்பினராய் இருந்த இவரை, 1946ஆம் ஆண்டு ஜூலையில் காங்கிரசு மகாசபை அமைத்த அரசியல் நிபுணர் குழுவில் ஒருவராக நேரு சேர்த்துக்கொண்டார். அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள் கூடிய அரசியல் நிர்ணய சபையில் இவர் சென்னை மாகாணத்தின் சார்பில் இடம் பெற்றார். 1947 ஆகஸ்டு 29ஆம் நாள் அம்பேத்கர் தலைமையில் அமைந்த எழுவர் கொண்ட வரைவுக் குழுவிலும் இவர் ஒருவர். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் அக்குழுவில் இருந்தார்.

இவர் பணிகளுள் கூட்டாட்சிக்கு மிக நெருங்கியது மத்திய அதிகாரக் குழுவில் ஆற்றிய பணி. இதன் வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோம். 1946 மே 16ஆம் நாள் வெளிவந்த மந்திரி தூதுக்குழுத் திட்டத்தின்படி, மத்திய அரசுக்குப் பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம், போக்குவரத்துத் தொடர்பு என்னும் மூன்றே பொருள்கள்; எஞ்சியன அனைத்தும் மாகாணங்களுக்கு. முஸ்லிம் லீகையும் காங்கிரசையும் ஒரு கூரையின்கீழ் நிறுத்துதற்கு வகுத்த சமரசம் அது. 1947 ஜூன் 3ஆம் நாள் பிரிவினை முடிவாயிற்று. பிரிவினை வந்தபின் அச்சமரசத்திற்குத் தேவையும் ஒழிந்தது. உடனே குழு தன் நோக்கை மாற்றிக்கொண்டது. எஞ்சிய நாடு சிதறாது நிற்றற்கு வலிய மத்திய அரசு வேண்டும் என்றும், அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரித்தல் வேண்டும் என்றும் அதன் இரண்டாம் அறிக்கை கூறிற்று. அவ்வறிக்கையை 1947 ஆகஸ்டு 20ஆம் நாள் சபையின்முன் வைத்து விளக்கியவர் கோபாலசாமி ஐயங்காரே.

1950 ஜனவரி 26ஆம் நாள் அரசியற் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது மத்தியப் பட்டியலில் 97 பொருள்களும், மாநிலப் பட்டியலில் 66 பொருள்களும், பொதுப்பட்டியலில் 47 பொருள்களும் இருந்தன. படை, நாணயம், தபால், இருப்புப்பாதை ஆகியன மத்திய அரசிற்கு உரியன. போலீஸ், சுகாதாரம், நிலம், உள்ளாட்சி ஆகியன மாநிலத்திற்கு உரியன. பொதுப்பட்டியலிலுள்ள பொருளில் இருவரும் சட்டஞ் செய்யலாம். இரண்டும் முரணினால் மத்தியச் சட்டமே பெரும்பாலும் மேம்படும். எப்பட்டியலிலும் அடங்காத எஞ்சிய அதிகாரமும் மத்திய அரசையே சாரும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் எஞ்சியவை மாநிலங்களைச் சாரும். கனடாவில் மத்திய அரசைச் சாரும். நம்மவர் இவ்வகையிற் கனடாவின் வழியைத் தழுவினர்.

இப்பிரிவினை என்றும் ஒருநிலையில் நிற்பதன்று. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் கல்வி, காடு, நிறுத்தல் முகத்தல் அளவை முதலிய ஐந்து பொருள்களை மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. எம்மனோர் தொழிலாகிய கல்வியைப் பற்றி மத்திய அரசிற்கும் மாநில அரசிற்கும் நிகழும் வழக்குகளுக்கு வேர் அம்மாற்றத்தில் உளது. 2017 ஜூலை முதல் சரக்கு சேவை வரி வந்தபோது, வரி விதிக்கும் அதிகாரத்தில் ஒரு பெரும்பகுதியை மத்தியமும் மாநிலங்களும் ஒரே மன்றத்திற் கூடி நடத்தவேண்டியதாயிற்று. வலிய மத்திய அரசு வேண்டும் என்று 1947இல் எழுந்த எண்ணம் பிரிவினையின் அச்சத்தில் எழுந்தது. அவ்வச்சம் நீங்கிய பின்னும் அதே அளவு வலிமை தேவையோ என்பதனை மாநிலங்கள் பலகாலும் வினவி வந்துள்ளன. தமிழ்நாட்டு அரசு 1969ஆம் ஆண்டில் இராஜமன்னார் தலைமையில் ஒரு குழுவை அமைத்து இதனை ஆராயச் செய்தது. வினா நியாயமானதே என்பது நம் கருத்து.

விடுபட்ட மூன்றாம் படி

இவ்விடத்து ஒரு வியப்பைக் குறிப்பிடாது செல்லுதல் கூடாது. ஏழாண்டுகள் பஞ்சாயத்துகளை வளர்த்தவர் வரைவுக் குழுவில் இருந்தும், 1948 பெப்ருவரியில் வெளிவந்த வரைவில் கிராமப் பஞ்சாயத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காந்தியடிகள் வழிநின்றோர் வருந்தினர். சிற்றூர் சாதிப்பிணக்கும் அறியாமையும் உறையும் இடம் என்று அம்பேத்கர் கருதினார். அக்கருத்தை வெற்றுச் சினம் என்று தள்ளிவிட இயலாது; ஒடுக்கப்பட்டோர் ஊரிற் பட்ட துன்பம் அதன் பின்னே நின்றது. சாதியின் பெயராற் கூடி வாழும் நம்போன்ற சங்கத்தார் அதனை நெஞ்சில் இருத்தி எண்ணுதல் தகும். முடிவில், 1948 நவம்பர் 22ஆம் நாள் கே. சந்தானம் கொணர்ந்த திருத்தத்தைச் சபை ஏற்றது. இச்சந்தானம் இரயில்வே இலாகாவில் ஐயங்காருக்குத் துணையாய் இராஜாங்க மந்திரியாக இருந்தவர். அத்திருத்தமே 40ஆம் பிரிவாயிற்று. ஆயின், அது அரசுக்குக் கூறும் அறிவுரை அளவில் நின்றது. நீதிமன்றஞ் சென்று வலியுறுத்தத் தக்க உரிமை ஆகவில்லை. உள்ளாட்சி மாநிலத்தின் அருளை நோக்கியே இருந்தது.

அதன் விளைவு யாது? தமிழ்நாட்டில் 1970இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; அடுத்தது 1986இல்; அதற்கடுத்தது 1996இல். இடையிடையே உத்தியோகஸ்தரே ஊரை நடத்தினர். 1993ஆம் ஆண்டில் 73ஆம், 74ஆம் திருத்தங்கள் நடைமுறைக்கு வந்த பின்னரே மூன்றாம் படிக்கு அரசியற் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், பெண்டிர்க்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் ஒதுக்கீடு, மாநிலத் தேர்தல் ஆணையம், மாநில நிதி ஆணையம் என்பன கட்டாயமாயின. அங்ஙனமிருந்தும் 2016இல் நிகழவேண்டிய தேர்தல் சிற்றூர்களுள் பெரும்பாலானவற்றில் 2019இலும் நகரங்களில் 2022இலுமே நடந்தது. சட்டம் வாயிலைத் திறந்தது. உள்ளே புக மக்கள் விழிப்பு வேண்டும்.

காசுமீர விதி

காசுமீரம் 1947 அக்டோபர் 26ஆம் நாள் இந்தியாவுடன் இணைந்தது. அப்போது நேருவின் மந்திரி சபையில் இலாகா இல்லாத மந்திரியாயிருந்த ஐயங்காரிடம் காசுமீர விவகாரம் ஒப்படைக்கப்பட்டது. 1948 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக் குழுவிற்கு இவர் தலைமை தாங்கினார்.

இணைப்பு, பாதுகாப்பு, வெளிநாட்டு விவகாரம், போக்குவரத்துத் தொடர்பு என்னும் பொருள்களுக்கு மட்டுமே ஒப்பியது. பிற சமஸ்தானங்கள் முழுதும் கலந்துவிட, காசுமீரத்திற்கு எவ்வாறு இடம் வகுப்பது? 1949 மே முதல் அக்டோபர் வரை ஐயங்காருக்கும் ஷேக் அப்துல்லாவுக்கும் இடையே வரைவுகள் போவதும் வருவதுமாக இருந்தன. அக்டோபர் 17ஆம் நாள் 306-அ என்னும் எண்ணுடன் அவ்விதியைச் சபையில் ஐயங்கார் கொணர்ந்தார். இணைப்பிற்கு அப்பாற்பட்ட பொருள்களில் இந்தியச் சட்டம் செல்ல அம்மாநில அரசின் இசைவு வேண்டும் என்பது அதன் சாரம். ஒருவருக்கு மட்டும் ஏன் இத்தனிச்சலுகை என ஹஸ்ரத் மொஹானி சபையில் வினவினார். போர் முற்றும் ஓயாமையும், ஐக்கிய நாடுகள் சபையில் வழக்கு இருப்பதும், மக்கள் விருப்பத்தை அறிவதாக அளித்த வாக்கும் காரணங்களாக எடுத்துரைக்கப்பட்டன. ஒப்புக்கொண்ட வரைவின் விளக்கப் பகுதியில் இறுதி நேரத்தில் செய்த சொல் மாற்றம் பற்றி அப்துல்லா மனங் கசந்து ஐயங்காருக்குக் கடிதம் எழுதினார். அதிகாரப் பகிர்வில் ஒரு சொல்லும் சிறிதன்று என்பதற்கு இஃது ஒரு சான்று. உடன்பட்டாரைக் கேளாது ஒரு சொல்லை மாற்றினால், பொருள் சிறிதாயினும் நம்பிக்கை குறையும்.

அவ்விதி 370ஆம் பிரிவு என்னும் பெயருடன் எழுபதாண்டு நின்றது. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு அதன் பயனை நீக்கியது. அவ்வாண்டு அக்டோபர் 31 முதல் அம்மாநிலம் இரு மத்திய ஆட்சிப் பகுதிகளாயிற்று. 2023 டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அந்நீக்கத்தை ஏற்றது. அது தற்காலிக விதியே, நீங்கியது முறை என்பார் ஒருசாரார். அது வாக்குறுதி, நீக்கியது தவறு என்பார் மற்றொரு சாரார். வழக்கு எவ்வாறாயினும், ஒரு நாட்டின் எல்லாப் பகுதியையும் ஒரே அளவுகோலால் அளத்தல் எளிதன்று என்பதனை அவ்விதியின் வரலாறு காட்டுகின்றது.

இருப்புப்பாதையை ஒன்றாக்கியமை

1948 முதல் 1952 வரை ஐயங்கார் இரயில்வே, போக்குவரத்து மந்திரியாக இருந்தார். அக்காலத்தில் இருப்புப்பாதைகள் கம்பெனிகளின் பெயராலும் சமஸ்தானங்களின் பெயராலும் பலவாய்ப் பிரிந்து கிடந்தன. ஒன்றன் சட்டம் மற்றொன்றிற்கு ஒவ்வாது. ஒன்றன் கணக்கு மற்றொன்றோடு சேராது. 1950 ஏப்ரல் முதல் நாள் சமஸ்தானங்களின் நிதி மத்திய நிதியோடு இணைந்தபோது, அவற்றின் பாதைகளும் மத்திய அரசைச் சேர்ந்தன. அடுத்து அவையனைத்தையும் மண்டலங்களாகத் தொகுக்கும் வேலை தொடங்கியது. முதன்முதல் தொகுக்கப்பெற்றது நம் தென்னாடே. 1951 ஏப்ரல் 14ஆம் நாள், சித்திரைத் திருநாளில், தென்னிந்திய இரயில்வே, சென்னை-தென்மராட்டிய இரயில்வே, மைசூர் சமஸ்தான இரயில்வே ஆகிய மூன்றும் கூடித் தென்னக இரயில்வே ஆயின. அவ்வாண்டு நவம்பரில் மத்திய, மேற்கு இரயில்வேக்களும், 1952 ஏப்ரலில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு இரயில்வேக்களும் அமைந்தன.

நம்மூர்க்கு இதில் இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. தென்னிந்திய இரயில்வேயின் தலைமை இடம் அதுகாறும் திருச்சிராப்பள்ளி. தொகுப்பிற்குப் பின் தலைமை சென்னைக்குச் சென்றது. திருச்சிராப்பள்ளி கோட்டத்தின் தலைமையிடமாய் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928ஆம் ஆண்டில் இங்கு நிலைத்த பொன்மலைத் தொழிற்சாலை மட்டும் இடம் பெயரவில்லை, வளர்ந்தது. நீலகிரி மலைப்பாதையின் நீராவி எந்திரங்களைப் புதிதாகச் செய்தளித்த பெருமையும் பின்னாளில் அதற்குக் கிடைத்தது. ஒன்றாக்குதலால் நாடு பெறும் நன்மை பெரிது. அதன் விலையை ஒவ்வோர் ஊரும் தனித்தனியே கொடுக்க நேர்கின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு எண்ணுதலே கூட்டாட்சி அறிவு.

இறுதி நாட்கள்

1950 டிசம்பரில் வல்லபாய் படேல் மறைந்தபின் சமஸ்தான இலாகாவும் இவரிடம் வந்தது. 1952இல் மாநிலங்களவை முதன்முறை கூடியபோது, அதன் முதல் அவைத்தலைவராக ஆளுங்கட்சியின் சார்பில் நின்று அவையின் அலுவல்களை நடத்தியவர் இவரே. மாநிலங்களின் சட்டசபை உறுப்பினர் தேர்ந்தனுப்பும் அம்மன்றம், மாநிலங்களின் குரல் டில்லியில் ஒலித்தற்கு ஏற்பட்டதன்றோ! ஊர்ப் பஞ்சாயத்தில் தொடங்கிய பணி மாநிலங்களின் மன்றத்தில் வந்து முடிந்தமை பொருத்தமே. பாதுகாப்பு மந்திரியாக இருந்த நிலையிலேயே, 1953 பெப்ருவரி 10ஆம் நாள், எழுபத்தோராம் வயதில் சென்னையில் இவர் உயிர் நீத்தார்.

பொன்மலையில் மூவாட்சி

இவர் வாழ்க்கையால் நாம் கொள்ளும் பயன் யாது? பொன்மலையில் நிற்பார் மூன்று அரசுகளின் எல்லையில் நிற்கின்றனர். தொழிற்சாலையும் அதன் குடியிருப்பும் மத்திய அரசிற்கு உரியன. காவல் நிலையமும், இருப்புப்பாதைக் காவல்துறையும் மாநிலத்திற்கு உரியன. இரயில்வே பாதுகாப்புப் படை மத்தியத்திற்கு உரியது. தனி நகராட்சியாயிருந்த பொன்மலை, ஸ்ரீரங்கத்தோடு 1994ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளி மாநகராட்சியில் இணைந்தது. குடியிருப்பிற்கு வெளியேயுள்ள தெருவும் சாக்கடையும் விளக்கும் அம்மாநகராட்சியின் பொறுப்பு. மத்திய அரசின் சொத்திற்கு மாநிலமோ உள்ளாட்சியோ வரி விதித்தல் பொதுவாகக் கூடாது என்பது அரசியற் சட்டத்தின் 285ஆம் பிரிவு. ஆதலின் இவ்வளவு பெரிய தொழிற்சாலை நகரத்தில் இருந்தும், ஒரு தனியார் ஆலை செலுத்துவது போன்ற சொத்துவரி நகரத்திற்கு வருவதில்லை. குடியிருப்பிற்கு உள்ளே ஒருவகைத் தெருவும், மதிலுக்கு வெளியே மற்றொருவகைத் தெருவும் காணப்படுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இவ்வெல்லைகளை அறியாமையால் விளையும் இடர்கள் பல. மாநகராட்சியிற் கேட்கவேண்டியதைக் கோட்ட அலுவலகத்திற் கேட்டுக் காலங் கழிப்பாரை நாம் கண்டுள்ளோம். ஓர் அலுவலகத்தார் மற்றோர் அலுவலகத்தைக் காட்டி ஏழையை அலைக்கழித்தலும் உண்டு. முதியோர் மறவாத துயர் ஒன்றும் இங்கு நினைவிற்கு வருகின்றது. 1946 செப்டம்பர் 5ஆம் நாள் வேலைநிறுத்தக் காலத்தில் பொன்மலையில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர். இரயில்வே மத்திய அரசின் கையில்; போலீஸ் மாகாணத்தின் கையில். அதிகாரம் இரண்டாய்ப் பிரிந்துள்ள இடத்தில் பொறுப்பும் தெளிவாய்ப் பிரிந்திராவிடின், எளியோர்க்கு முறையிடும் வாயில் எது என்றே தெரியாது போம்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒன்று கூறுவோம். நம் சங்கத்திற்கே தலைமைச் சபை, ஜில்லாக் கிளை, ஊர்க்கிளை என மூன்று நிலைகள் உள. ஊர்க்கிளை உறங்கினால் தலைமைச் சபையின் தீர்மானம் காகிதமாகவே கிடக்கும். நாட்டிற்கும் அதுவே நியதி. பாராளுமன்றத் தேர்தலுக்குத் திரண்டு செல்லும் நம்மவர், வார்டுத் தேர்தலன்று வீட்டில் இருந்துவிடுதல் முறையன்று. குழந்தைகளுக்கு மூன்று அரசுகளின் கடமைகளையும் வீட்டிலேயே கற்பியுங்கள். இளைஞர் வார்டுக் கூட்டத்திற்குச் சென்று வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கேட்கும் உரிமை சட்டத்தில் உளது; கேட்கும் வழக்கத்தை நாமே உண்டாக்குதல் வேண்டும். இராமநாதபுரத்துச் சிற்றூர்களில் பஞ்சாயத்துக் கணக்கைத் திருத்திய கையே டில்லியில் நாட்டின் அதிகாரங்களைப் பகுத்து எழுதியது என்பதனை அவர்கள் அறிவார்களாயின், ஊர்ப்பணியைச் சிறிதென்று எண்ணார்.